பொன்னிறத் தகடுகள்

"ஏட்டி, போச்சு" என்றாள் ஹெப்சிபா போனில்.

மாரிச்செல்வி அப்போது இராஜபாளையத்தில் தன் ஷெட்டு வாசலில் நின்று, அவித்த கடலையை வாயில் போடப் போனாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

"எத்தனை தகடு?"

"மூணும்தான். நீயே வந்து பாரு. வரும்போது முறுக்கு வாங்கிட்டு வா. துக்க வீட்டுல கடிக்க ஏதாவது வேணும்லா."

இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஹெப்சிபா இப்போது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் சோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாக இருக்கிறாள். உலோகங்களை ஆசிட்டில் போட்டு, எது தாங்கும் எது தாங்காது என்று சொல்வது அவள் வேலை. மாரிச்செல்வியின் வேலை உலோகத்தின் மேல் பூச்சு ஏற்றுவது. ஒருத்தி பூசுவதும் மற்றவள் அதை எப்படிக் கெடுக்கலாம் என்று பார்ப்பதுமாக அவர்கள் சிநேகிதம் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

பூச்சு என்றால் பெயிண்ட் அல்ல. மாரிச்செல்வியின் ஷெட்டுக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பீப்பாய் நிற்கிறது. அதற்குள் பொருளைத் தொங்கவிட்டுக் கதவை அடைத்து, உள்ளே இருக்கிற காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அப்புறம் டைட்டானியத்தை ஆவியாக்கி, கொஞ்சம் நைட்ரஜனையும் உள்ளே விட்டால், இரண்டும் சேர்ந்து பொருளின் மேல் தலைமுடியைவிட மெல்லிய தோலாகப் படியும். நிறம் பத்தரைமாற்றுத் தங்கம் மாதிரி இருக்கும். நூல் ஓடி ஓடித் தேய்கிற மில் சாமான்களுக்கு அந்தத் தோலைப் போட்டால் உழைப்புக் கூடும் என்றுதான் அந்த மெஷினை அவள் வாங்கினாள். ஊரில் பாதிப் பேர் அவள் தங்க முலாம் பூசுவதாகவே நம்பினார்கள். சண்முகத்தாய் மதினி ஒரு நாள் கவரிங் வளையலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, "யாருக்கும் சொல்லாம ஒரு கோட்டிங் போட்டுக் குடுத்துரு தாயி" என்று காதோடு காதாகக் கேட்டாள்.

மில் வேலை நாளாக நாளாகக் குறைந்தது. வாரத்தில் பாதி நாள் பீப்பாய் சும்மா நின்றது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் மெஷினை விலைக்குக் கொடுத்துவிடுகிறீர்களா என்று இரண்டு தடவை போன் பண்ணியும் விட்டார். மெஷினைக் கொடுத்துவிட்டால் அவளிடம் மிஞ்சுவது ஷெட்டும், கூட வேலை பார்க்கிற மொக்கைச்சாமி அண்ணனும்தான். அந்த இரண்டுமே அவள் சித்தப்பா ஐயாதுரை கொடுத்தவை.

அந்த நேரத்தில்தான் சென்னைக் கம்பெனிக்காரர் கௌதம்ராஜ் வந்து சேர்ந்தார். அவர்கள் ஹைட்ரஜனில் ஓடுகிற வண்டிக்கு எரிபொருள் செல் செய்கிறவர்கள். ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறு பக்கம் காற்றும் உள்ளே போனால், கரண்டும் வெறும் தண்ணீரும் வெளியே வருகிற பெட்டி அது. உள்ளே புத்தகத்தின் பக்கங்கள் மாதிரி தகடுகள் அடுக்கி இருக்கும். கரண்டைக் கடத்துவதும் வாயுக்களுக்கு வழிவிடுவதும் அந்தத் தகடுகள்தான். இரும்பில் செய்தால் வண்டி தூக்கமாட்டாது. அலுமினியத்தில் செய்தால் எடை குறையும். ஆனால் பெட்டிக்குள் இருக்கிற சூட்டுக்கும் புளிப்புக்கும் அலுமினியம் கரைந்துவிடும். ஆகவே மேலே ஒரு தோல் வேண்டும். தோல் கரண்டை விடவேண்டும், ஆசிட்டை விடக்கூடாது.

"உங்க பூச்சு தாங்குச்சுன்னா எங்க தகடு பூராவும் உங்ககிட்டத்தான்" என்று சொல்லியிருந்தார் கௌதம்ராஜ். "வியாழக்கிழமை நானே வாரேன். ஒரு நாள் முழுக்க ஆசிட்டுல கிடந்து தேறின தகடு எனக்கு வேணும். இல்லைன்னா வேற இடம் பாக்கச் சொல்லிட்டாங்க."

முதலில் விரல் நகம் அளவு துண்டுகளைப் பூசிக் கொடுத்தாள். ஒன்றுவிடாமல் தேறின. ஹெப்சிபாவே அசந்துபோய், "உன் கையில என்னமோ இருக்குட்டி" என்றாள். பிறகு உள்ளங்கை அகலத்துக்கு நிஜத் தகடு செய்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி.

மாரிச்செல்வி முறுக்குப் பொட்டலத்தோடு டவுன் பஸ் ஏறினாள். பஸ்ஸில் முறுக்கில் பாதி காலியாகிவிட்டது.

சோதனைக் கூடத்தில் ஹெப்சிபா ஒரு பால்கோவாப் பெட்டியைத் திறந்து தகடுகளை எடுத்து வைத்தாள். அந்தப் பெட்டி தகட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்ததால், போக வர அதில்தான் பயணம்.

"ஏட்டி, பால்கோவா நெய்யி ஏதும் ஒட்டிருக்குமோ?" என்றாள் மாரிச்செல்வி ஆசையாக.

"நெய்யி இருந்தா நான் நக்கிருப்பேன். கழுவிக் காயவச்ச பெட்டி. கண்ணை இதுல வையி."

மாரிச்செல்வி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். பொன் நிறத் தரையில், புழு ஊர்ந்த தடம் மாதிரி ஒரு கோடு வளைந்து நெளிந்து ஓடியது. கோடு நெடுக அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து கிடந்தது.

"பூச்சு உரியலை" என்றாள் ஹெப்சிபா. "அந்த இடத்துல பூச்சு விழவே இல்லை. பூசும்போது என்னமோ ஒண்ணு தகட்டு மேல படுத்திருந்திருக்கு. பொறவு அது உதிர்ந்துபோச்சு. உதிர்ந்த இடத்துல ஆசிட்டு உள்ள போயிருச்சு. ஒரு தகட்டுக்கு இருபது முப்பது கோடு கிடக்கு. என்னவா இருக்கும்?"

மாரிச்செல்விக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. பஞ்சு ஊரில் பிறந்தவளுக்கு நூல் இழையின் நெளிவு தெரியாமல் இருக்குமா? ஆனால் தெரிந்ததைத் தொண்டைக்குழியோடு விழுங்கிவிட்டு, "பக்கத்து மில்லு" என்றாள். "அவிய பேன் காத்து எங்க ஜன்னலுக்குத்தான் வருது. பஞ்சு பறக்கும்."

"அப்போ ஜன்னலை அடை."

அடைத்தாள். ஜன்னலுக்கு டேப் ஒட்டினாள், கதவிடுக்கில் சாக்குத் திணித்தாள், தரையெல்லாம் தண்ணீர் தெளித்தாள். ஷெட்டு இட்லிக் கொப்பரை மாதிரி ஆயிற்று. மொக்கைச்சாமி அண்ணன் பனியனைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொண்டு, "தாயி, தகட்டைப் பூசுதமா, என்னைய அவிக்கியா?" என்று கேட்டார். அடுத்த மூன்று தகடுகளும் போயின. கோடு குறையவே இல்லை.

"சரி, பூசுறதுக்கு முன்னாடி என்ன பண்ணுத? ஒண்ணொண்ணாச் சொல்லு" என்றாள் ஹெப்சிபா.

"சோப்புத் தண்ணி. நல்ல தண்ணி. ஸ்பிரிட்டு. பொறவு துடைச்சு மாட்டிருவோம்."

"எதை வச்சுத் துடைக்கீய?"

மாரிச்செல்வி ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். வெளியே பார்க்க ஒன்றும் இல்லை.

"ஏட்டி, கேக்கேன்லா."

"காஸ் துணி. ஆபரேஷன் தியேட்டருக்குப் போற சுத்தமான துணியாக்கும். கம்பெனிக்காரர்கிட்டயே பெருமையாச் சொல்லிருக்கேன்."

"யாரு துணி?"

"சித்தப்பா துணி."

ஹெப்சிபா சிரித்த சிரிப்பில் மேசையில் இருந்த முறுக்குத் தூள் பறந்தது. "நகத்தளவுத் துண்டை எல்லாம் நான்தான் இங்க கழுவிக் குடுத்தேன். துணியே போடலை, காத்தடிச்சுக் காயவச்சேன். அதான் தேறுச்சு. உன் கையில ஒண்ணும் இல்லைட்டி, என் கையிலதான் இருந்திருக்கு."

"சிரிக்காத. அவியகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

சிரிப்பவர்களுக்கு அது சின்ன விஷயம். ஐயாதுரை சித்தப்பாவை அறிந்தவர்களுக்கு அல்ல. அவருக்குச் சத்திரப்பட்டியில் காஸ் துணி, பேண்டேஜ் தறிகள். சொந்தத்தில் எந்த வீட்டில் நல்லது கெட்டது நடந்தாலும் அவரிடமிருந்து ஒரு காஸ் பண்டல் வரும். பால் வடிகட்ட, டிகாக்‌ஷன் வடிகட்ட, இட்லித் தட்டில் விரிக்க, வண்டி துடைக்க என்று வீடு நிறைய அது புழங்கும். பண்டல் வந்தால் உறவு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு தடவை கொழுந்தியாள் வீட்டில், "இப்ப எங்களுக்குத் தேவைப்படலைண்ணே" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். அந்த வீட்டு மகள் சடங்கு வரைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மாரிச்செல்வியின் ஷெட்டுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பண்டல் வரும். மொக்கைச்சாமி அண்ணன் அதைக் கண்ணில் ஒற்றி எடுத்துத்தான் பிரிப்பார்.

"சொல்லாமலே விட்டுட்டா?" என்று கேட்டாள் மாரிச்செல்வி. "துணியில்லாமக் காயவச்சு முடிச்சிருவேன். வியாழக்கிழமை தாண்டட்டும். பொறவு மெதுவாச் சொல்லிக்கிடலாம்."

"சொல்லிருட்டி. பூசுன தோலுக்கு அடியில ஒளிஞ்சு கிடந்தது எல்லாம் கடைசியில ஆசிட்டுல வெளிய வந்துரும்."

"நீ உன் தத்துவத்தை ஆசிட்டுல போடு" என்று சொல்லிவிட்டு மாரிச்செல்வி பஸ் ஏறினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடைசி மூன்று தகடுகளை அவளே கழுவினாள். நைட்ரஜன் சிலிண்டர்தான் பீப்பாய்க்குப் பக்கத்திலேயே நிற்கிறதே! அதிலிருந்து ஒரு குழாய் இழுத்து, தகட்டின் மேல் ஈரம் போகும்வரை ஊதினாள். துணியே படவில்லை. தகடுகள் கண்ணாடி மாதிரி இருந்தன. காஸ் பண்டல்களை அலமாரிக்குப் பின்னால் தள்ளி, மேலே பழைய சாக்கைப் போட்டு மூடினாள். மொக்கைச்சாமி அண்ணனிடம், "யாரு கேட்டாலும் துணி வச்சுத்தான் துடைச்சோம்னு சொல்லணும்" என்றாள்.

"யாரு கேக்கப் போறா?"

"கேட்டா."

பீப்பாய்க் கதவைத் திறந்துவைத்துவிட்டு, தகடுகளை மாட்டக் கொக்கி எடுக்க அவள் பின்கட்டுக்குப் போன செத்த நேரத்தில் வாசலில் புல்லட் சத்தம் கேட்டது. சித்தப்பாவின் வண்டி ஊருக்கே தெரியும். அவள் கொக்கியோடு ஓடிவருவதற்குள் அவர் உள்ளே வந்து, தோளில் கிடந்த புத்தம் புதுக் காஸ் துணியைச் சுருட்டி, மேசையில் வரிசையாக வைத்திருந்த தகடுகளை ஒவ்வொன்றாக, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தகடு கையில் இருந்தது.

"சித்தப்பா! தொடாதீய!"

போட்ட சத்தத்தில் பக்கத்து டீக்கடையில் கிளாஸ் நின்றது. சித்தப்பாவின் கையும் நின்றது.

"வியாழக்கிழமை கம்பெனிக்காரன் வாரான்னு மொக்கை சொன்னான். நம்ம கையாலயும் ஒரு துடை துடைச்சு விடுவோம்னு வந்தேன்" என்றார் அவர். குரல் மெதுவாக இருந்தது. மெதுவாக இருந்தால்தான் பயம். "என்னட்டி, என் கை ஆகாதா?"

"கை ஆகும் சித்தப்பா."

"பொறவு?"

மாரிச்செல்வி மொக்கைச்சாமி அண்ணனைப் பார்த்தாள். அவர், "துணி வச்சுத்தான் துடைச்சோம் மொதலாளி" என்றார், சொல்லிக்கொடுத்தபடியே, யாரும் கேட்காதபோதே. அத்தோடு நில்லாமல் அவர் கண் அலமாரிப் பக்கம் போனது. சித்தப்பாவின் கண்ணும் அதன் பின்னாலேயே போனது. சாக்குக்கு அடியில் பண்டலின் நீல முத்திரை கொஞ்சமாய் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. "துணிதான் ஆகலை சித்தப்பா" என்றாள் மாரிச்செல்வி. "தகட்டுல இழை விட்டுட்டுப் போகுது. இழை கிடந்த இடத்துல பூச்சு ஏறலை. ஆறு தகடு போயிருச்சு. இதும் போச்சுன்னா மெஷினு கோயம்புத்தூர் போகும்."

ஐயாதுரை துணியை உதறி மடித்துத் தோளில் போட்டார். "நாப்பது வருசமா டாக்டர்மாரு குறை சொன்னதில்லை. உன் தகடு என்ன, டாக்டரைவிடப் பெரிய படிப்பு படிச்சதா? வண்டியில ஏறு. அந்தப் பொண்ணு எங்க இருக்கு? எனக்குக் காட்டச் சொல்லு."

புல்லட் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேருகிறவரை இரண்டு பேரும் பேசவில்லை. வழியில் மழை தூறியது. அதற்கும் அவர் வண்டியை நிறுத்தவில்லை.

ஹெப்சிபா விஷயத்தைப் பார்த்த உடனே புரிந்துகொண்டு, "வாங்க சித்தப்பா, உக்காருங்க, காப்பி சாப்பிடுதீயளா?" என்று வரிசையாகக் கேட்டாள்.

"காப்பி பொறவு. காட்டு."

கெட்டுப்போன தகடு ஒன்றை அவள் மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் கொடுத்தாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றி, குனிந்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். மாரிச்செல்வி சுவரில் மாட்டியிருந்த பாதுகாப்பு விதிகளை முதலிலிருந்து கடைசி வரை படித்து முடித்தாள்.

"அட!" என்றார் சித்தப்பா. குரலில் கோபம் இல்லை. பஸ் ஸ்டாண்டில் தெரிந்த ஆளைக் கண்டதுபோல் இருந்தது. "ஏட்டி செல்வி, இங்க வா. இந்தா ஓடுது பாரு, இது என் நூலுல்லா! முறுக்கைப் பாரு. தளர்வா, அலை அலையா. ரத்தம் உறிஞ்சணும்னு நாங்க முறுக்கைக் குறைச்சுத்தான் போடுவோம். மத்தவன் துணியில இப்படி இராது. எம்புட்டு வடிவா விழுந்திருக்கு, பாத்தியா!"

"பாத்தேன் சித்தப்பா."

"இந்தா இன்னொண்ணு. இந்தா ரெண்டு சேந்து கிடக்கு. எல்லாம் நம்ம..."

அங்கே நிறுத்தினார். மெதுவாக நிமிர்ந்தார். கண்ணாடியை மாட்டினார். ஹெப்சிபா உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"எல்லாம் நம்ம நூலுதான்" என்றார் அவர், கொஞ்சம் இறங்கிய குரலில்.

ஹெப்சிபா திரும்பி வந்து தகட்டை மைக்ரோஸ்கோப்பிலிருந்து எடுத்தாள்.

"துணி மேல குத்தம் இல்லை சித்தப்பா" என்றாள் ஹெப்சிபா. "சுத்தத்துல குறையே கிடையாது. கிருமி இல்லாம இருக்கிறது வேற, இழை விடாம இருக்கிறது வேற. உங்க துணி உறிஞ்சுறதுக்கு நெய்தது."

"அதை நீ எனக்குச் சொல்லுதியா? முறுக்குக் குறைஞ்சா இழை வரத்தான் செய்யும். அது வரணும்னுதான் அப்படி நெய்யுதோம். இந்தத் தகட்டுல ரத்தமா வருது, உறிஞ்ச?" அவர் மாரிச்செல்வி பக்கம் திரும்பினார். "சாக்கைப் போட்டு மூடி வச்சியே, ஏன்? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா மொத நாளே சொல்லிருப்பேனே, இதுக்கு இந்தத் துணி ஆகாதுட்டின்னு."

"சொல்லிருப்பீயளா?"

சித்தப்பா யோசித்தார். நேர்மையான மனிதர். "சொல்லிருக்க மாட்டேன்" என்றார். "சரி, அந்தக் காப்பியைக் கொண்டா."

திரும்பி வருகிற வழியெல்லாம் பேச்சுத்தான். இழை எப்படி விழும், எந்த நம்பர் நூலில் குறைவாக விழும், ஹைட்ரஜன் வண்டி மேட்டில் ஏறுமா, வெளியே வருகிற தண்ணீரைக் குடிக்கலாமா என்று புல்லட் சத்தத்தையும் மிஞ்சிக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். ஷெட்டுக்கு வந்ததும் தோளில் இருந்த துணியை வாசலிலேயே கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, சட்டையையும் ஒரு தரம் உதறிக்கொண்டு உள்ளே நுழைந்தார். "மொக்கை, நீயும் உதறு" என்றார்.

மூன்று தகடுகளையும் மறுபடியும் கழுவினார்கள். மாரிச்செல்வி நைட்ரஜனை ஊத, சித்தப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சைக்கூடத் தூர நின்று விட்டார். தறியில் அறுந்த இழை தேடிப் பழகிய கண். "இந்த ஓரத்துல ஒண்ணு. அந்தா மேல ஒண்ணு" என்று சொல்லச் சொல்ல அவள் ஊதித் தள்ளினாள். சாயங்காலம் பீப்பாயைத் திறந்தபோது தகடுகள் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டதுபோல் மின்னின.

புதன்கிழமை காலையில் அவை ஆசிட்டில் இறங்கின. வியாழக்கிழமை காலையில் கௌதம்ராஜ் வந்தார். ஹெப்சிபாவின் கம்ப்யூட்டரில், பூச்சைத் தாண்டி எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று ஒரு கோடு ஓடும். ஓட்டை இருந்தால் கோடு மேலே ஏறும். முந்தைய தகடுகளுக்கு அது பனைமரம் ஏறியது. இப்போது திரையின் அடியில், ராத்திரி முழுக்கத் தூங்கிய பூனை மாதிரி நீட்டிப் படுத்திருந்தது.

"என்ன சார், ஒண்ணையும் காணோமே? மெஷின் ஓடலையா?" என்றார் சித்தப்பா. ஒரு முக்கியமான தறி முதலாளியாக அவரும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்.

"ஒண்ணும் இல்லாமல் இருந்தால்தான் நல்லதுங்க" என்றார் கௌதம்ராஜ். தகடுகளை எடுத்துக் கழுவி, மைக்ரோஸ்கோப்பில் ஓரம் ஓரமாகப் பார்த்தார். இரண்டு கார்பன் தாள்களுக்கு நடுவே வைத்து அழுத்தி, கரண்ட் தடையில்லாமல் போகிறதா என்றும் பார்த்தார். பிறகு அந்தத் தகடுகளை அவரே பால்கோவாப் பெட்டியில் அடுக்கி மூடினார். "அடுத்த வாரம் ஒரு பெட்டித் தகடு அனுப்புறேன். ஆரம்பிச்சிருங்க."

மாரிச்செல்வி ஹெப்சிபாவின் கையைப் பிடித்து நசுக்கினாள். ஹெப்சிபா, "விடுட்டி, இந்தக் கையிலதான் என்னமோ இருக்கு" என்றாள்.

கௌதம்ராஜ் புறப்படும்போது சித்தப்பா தொண்டையைச் செருமினார். "சார், எனக்கு ஒண்ணு வேணும்."

"சொல்லுங்க."

"அந்தப் போன தகடு இருக்கே, கெட்டுப்போனது. அதுல ஒண்ணைக் குடுத்துருங்க."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை, கொடுத்துவிட்டார்.

இப்போது மாரிச்செல்வியின் ஷெட்டுக்கு வெள்ளிக்கிழமை பண்டல் வருவது நிற்கவில்லை. வாசல் ஆணியோடு சரி. மொக்கைச்சாமி அண்ணன் அதைக் கண்ணில் ஒற்றி எடுத்துத் தன் மொபெட்டைத் துடைக்கிறார், மீதி இட்லிக்கு வீட்டுக்குப் போகிறது. பீப்பாய் ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிறது. கோயம்புத்தூர்க்காரர் கடைசியாகப் போன் பண்ணியபோது, அவருடைய மெஷினை விலைக்குத் தருவாரா என்று மாரிச்செல்வி கேட்டாள்.

அந்தக் கெட்டுப்போன தகடு சத்திரப்பட்டியில், ஐயாதுரை சித்தப்பாவின் ஆபீஸில், கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் தலைக்கு மேல் தொங்குகிறது. பக்கத்திலேயே நூலில் கட்டி ஒரு பூதக்கண்ணாடி. துணி வாங்க வருகிற வியாபாரி யாராக இருந்தாலும் அவர் எழுப்பிக் கூட்டிப்போய் அதன் முன் நிறுத்துகிறார்.

"நல்லாப் பாரும். கொதிக்கிற ஆசிட்டுல ஒரு நாள் பூராக் கிடந்தது. தகடு போச்சு. பூச்சு போச்சு. நம்ம இழை விழுந்த தடம் போச்சா பாரும்!"